அறுபது கிலோ அரிசியும் ஒரு கிளச்சும்

பனியில் ஓடும் ஸ்கூட்டரின் இடது கைப்பிடியில் இருக்கும் லீவர் கிளச் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது தவறு. சின்னத் தவறுதானே என்று யாரும் ஆறுதலடைய வேண்டாம், பூமி தட்டை என்பதற்கு அடுத்த படியில் வைக்கவேண்டிய தவறு. இடது கையில் இருப்பது பிரேக். கிளச் கையிலும் இல்லை, காலிலும் இல்லை, எஞ்சின் மூடிக்குள் தன் பாட்டில் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, இரண்டு. எஞ்சின் பக்கம் ஒரு சோடித் தட்டு, பின்பக்கம் ஒரு சோடித் தட்டு, இரண்டையும் சுற்றி ஒரு தடித்த ரப்பர் பட்டி. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் முன் தட்டுக்குள் இருக்கும் எடைகள் விரிந்து தட்டுகளை நெருக்கும், தட்டுகள் பட்டியைக் கவ்வும், வண்டி நகரும். மனிதக் கைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. இதை நான் நோர்வேயின் வடக்கு நுனியிலுள்ள இந்த மீன்பிடி ஊரில் ஒருகாலம் இருந்த பதினொரு தமிழ்க் குடும்பங்களுக்கும் தனித்தனியாக விளக்கியிருக்கிறேன். ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுவதை நிறுத்திவைத்து விளக்கியதாக என் மனைவி குற்றம் சாட்டுவாள், உண்மையில் அப்போது கேக் வெட்டி முடிந்திருந்தது. அந்தப் பதினொரு குடும்பங்களும் ஒவ்வொன்றாக ஒஸ்லோவுக்குப் போய்விட்டன. அதற்கும் என் விளக்கத்துக்கும் தொடர்பில்லை.

இப்போது நேரம் ஒன்று பத்து. ஏப்ரல் ஞாயிறு, வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. மூன்று மணிக்கு என் மனைவி தயாபரி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வருவாள், இந்த மஞ்சள் வண்டியில் என் பின்னால் ஏறுவாள், இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டின் உச்சியில் இருக்கும் கற்குவியல்வரை போய்த் திரும்புவோம். போகாவிட்டால் ஒஸ்லோ. நான் மிகைப்படுத்துகிறவன் அல்ல. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மீன் வடிவக் காந்தத்தின் கீழே ஒரு கடிதம் இருக்கிறது, அங்கே ஒரு மருத்துவமனை அவளை வேலைக்கு அழைக்கிறது, திங்கள் நண்பகலுக்குள் பதில் வேண்டும். புதன்கிழமை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "இஞ்சருங்கோ, ஞாயிற்றுக்கிழமை உந்தச் சாமானில என்னை அந்தக் கல்லுக்கும்பிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கோ பாப்பம். விட்டியளெண்டால் நான் ஒஸ்லோ எண்டு வாயே திறக்கன். இல்லாட்டித் திங்கட்கிழமை ஓமெண்டு எழுதிறன்." சாமான் அல்ல, வாகனம் என்று திருத்தினேன். அவள் கரண்டியைக் கழுவினாள். அவளையும் குறை சொல்ல முடியாது. இரண்டு குளிர்காலங்களில் மூன்று தடவை ஏற்றியிருக்கிறேன். மூன்று தடவையும் முதல் ஏற்றத்திலேயே எஞ்சின் அலறியது, வண்டி அசையவில்லை, மூடிக்குள்ளிருந்து கருகிய ரப்பர் புகை வந்தது, அவள் இறங்கி நடந்து வீட்டுக்குப் போய்த் தேநீர் போட்டாள். மூன்றாவது தடவை எனக்குப் போடவில்லை. ஏன் ஒஸ்லோ வேண்டாம் என்றால், மகள் அங்கே இருக்கிறாள், கோயில் இருக்கிறது, முருங்கைக்காய் இருக்கிறது, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். நான் வெளியே சொல்லும் காரணம், அங்கே நாலு தமிழருக்கு ஒருவர் தமிழ் வாத்தியார், என்னை யார் கேட்பார்கள் என்பது. சொல்லாத காரணம் வேறு. ஒரு ஊரில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நான் இதுவரை மூன்று தடவை முதலிலிருந்து படித்திருக்கிறேன். நாலாவது தடவைக்கு என்னிடம் இடமில்லை.

வேலைக்கு வருவோம். முதலில் எஞ்சின், பிறகு கிளச். இந்த வரிசையை மாற்றுகிறவனை நான் மதிப்பதில்லை, எஞ்சின் உளறினால் கிளச் பாவம் என்ன செய்யும். எண்பத்தேழாம் ஆண்டு வண்டி, இரண்டு சிலிண்டர், பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றவேண்டிய வகை, கயிறு இழுத்துத்தான் தொடக்கவேண்டும். காலையில் பதினெட்டு இழுவை இழுத்தேன், பதினெட்டாவதில் ஒரு பக்கம் மட்டும் இருமிவிட்டு நின்றது. இரண்டு பிளக்கையும் கழற்றிப் பனிமேல் விரித்த பத்திரிகையில் வைத்திருக்கிறேன். வலது பிளக்கின் முனை தேநீர் நிறம், ஆரோக்கியம். இடது பிளக்கின் முனை சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளை என்றால் பட்டினி, அந்தச் சிலிண்டருக்குக் காற்று போகிறது, பெற்றோல் போகவில்லை. இந்த இடத்தில் எனக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடியதை மறைக்கமாட்டேன். காரணம் தெரியாத குறை பயம் தருகிறது, அதே குறையின் வால் நுனி தெரிந்துவிட்டால் கலியாண வீட்டுக்குப் போகிற சந்தோஷம் வருகிறது. மீன் தொழிற்சாலையில் தோல் உரிக்கிற இயந்திரங்களைப் பழுதுபார்த்து இருபத்தாறு வருடம் ஆகிறது, இந்தச் சந்தோஷத்துக்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று முகாமையாளருக்கு இன்னும் தெரியாது. இடது காபரேற்றரைக் கழற்றினேன், அடிக்கிண்ணத்தில் போன வருடப் பெற்றோல் வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்தது, அதற்குள் நின்று பெற்றோலை மேலே அனுப்புகிற சின்னப் பித்தளை ஜெற்றின் துளை அடைத்துப்போயிருந்தது. கம்பி விட்டுக் குத்துகிற மூடர்கள் இருக்கிறார்கள், கம்பி பித்தளையைக் கீறும், துளை பெருத்துவிடும். தூண்டில் நைலோன் நூல்தான் சரி, இந்த ஊரில் அதற்கா பஞ்சம். நூலை விட்டு இழுத்து, ஊதி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். துளைக்குள் ஊசிமுனை அளவு சூரியன். பக்கத்து வீட்டு வாசலில் கோப்பிக் கோப்பையோடு நின்ற ஒட்வாருக்கு அதைக் காட்டினேன். ஒட்வார் எழுபத்து நாலு வயதுக் கிழவர், முன்னாள் மீன்பிடிகாரர், இந்த வண்டியை இருபது வருடம் ஓட்டிவிட்டு எனக்குத் தந்தவர். கிட்ட வந்து துளைக்குள்ளால் சூரியனைப் பார்த்து, தலையாட்டி, "காணும்" என்றார். தமிழ் வீட்டு விருந்துகளில் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவர் படித்த ஒரேயொரு தமிழ்ச்சொல் அது. யாழ்ப்பாணத்துப் பந்தியில் காணும் என்றால் போதும் என்று பொருள், ஆனால் வேர்ச்சொல் காண் என்பதால் தெரியும் என்றும் கொள்ளலாம், துளைக்குள் வெளிச்சம் காணும், ஆகவே இந்த இடத்தில் ஒட்வார் தன்னை அறியாமல் இலக்கண சுத்தமாகப் பேசிவிட்டார். அதை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். கோப்பி ஆறுகிறது என்று போய்விட்டார்.

காபரேற்றரைப் பூட்டியாயிற்று, ஒன்று ஐம்பது. வெறுங்கிண்ணம் நிரம்பும்வரை கயிறு இழுப்பது தோளுக்குக் கேடு, ஆகவே கண்மருந்துக் குப்பி ஒன்றில் பெற்றோல் எடுத்து, காபரேற்றரின் வாய்க்குள் ஆறு சொட்டு. இதை எந்தக் கையேடும் எனக்குப் படிப்பிக்கவில்லை. யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும், தொடங்காது, தொடங்குவதற்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோல் வேண்டும், அந்தச் சொட்டுகளைக் குப்பியில் அடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, மணம் மேலே வருகிறது, மூக்கில் ஏறுகிறது, ஏறினால் அந்த இலுப்பை மரம். கலியாணம் முடிந்து மூன்றாவது கிழமை, தயாபரி பின்னால் இருந்தாள், அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம், மேலே பொம்மர், குண்டுபோடும் விமானம், வட்டமடிக்கத் தொடங்கியது. மரத்துக்குக் கீழே விட்டேன். எஞ்சினை நிறுத்த முடியாது, குப்பி காலி, நிறுத்தினால் திரும்பத் தொடங்காது. ஆகவே முதலாம் கியரில் போட்டு, இடக்கையால் கிளச்சைப் பிடித்துக்கொண்டு, விமானம் தாழப் பதிந்தால் கையை விட்டுப் பாய்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு நின்றேன். எந்தப் பக்கம் பாய்வது என்ற கணக்கு மட்டும் வரவில்லை. அவள் பின்னாலிருந்து வட்டங்களை எண்ணினாள், மெல்லமாக, கடைக்காரி தேங்காய் எண்ணுவதுபோல. பதினேழு. அவளுடைய இரண்டு கையும் என் இடுப்பில். பதினேழாவதோடு சத்தம் தேய்ந்து போய்விட்டது, வானம் வெறுமையாகிவிட்டது, ஒரு காகம்கூடக் கத்தியது, ஆனால் என் இடக்கை விரல்கள் லீவரை விடவில்லை. விடு என்று நான் சொல்கிறேன், அவை கேட்கவில்லை. அவள் எட்டிப் பார்த்து, சின்ன விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். "விடுங்கோ. போட்டுது." விமானம் போய்விட்டது என்பதை யாழ்ப்பாணத்தில் இரண்டே சொல்லில் அப்படிச் சொல்லலாம். ஆறு சொட்டு என்று நினைத்தேன், பத்து சொட்டு விழுந்திருக்கிறது. இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கவேண்டும், பெற்றோல் மணம்தான் காரணம், மணம் மூளைக்கு நேர்வழியில் போகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். கயிறு. ஒன்று. இரண்டு.

மூன்றாவது இழுவையில் பிடித்தது. ஒரு பக்கம் இருமி, மறுபக்கம் யோசித்து, பிறகு இரண்டும் ஒரே குரலில். அந்தச் சத்தத்தை எழுதத் தமிழில் இரட்டைக்கிளவி இல்லை, படபட என்பது பொருந்தாது, அது துணிக்கு உரியது. நீலப் புகை வெள்ளைப் பனிமேல் போகிறது, என் நெஞ்சும் இரண்டு சிலிண்டரில் அடிக்கிறது. ஒட்வார் யன்னலுக்குள்ளிருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். இரண்டு ஐந்து. இனிக் கிளச். மூடியைத் திறந்து, பட்டியை உருவி எடுத்து, அகலத்தை அளந்தேன், தேய்வு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். எடைகள் தடையில்லாமல் விரிகின்றன. உருளைகள் சுற்றுகின்றன. வில் முறியவில்லை. முன் தட்டும் பின் தட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, நூல் பிடித்துப் பார்த்தேன். பட்டியில் மட்டும் மூன்று இடங்களில் பக்கங்கள் கடிபட்டதுபோல் கருகி உள்ளே வளைந்திருந்தன. மூன்று தடவை ஏற்றினேன், மூன்று கடி. கையேடு இதற்கு ஒரே காரணம்தான் சொல்கிறது, பட்டி சுழலும்போது வண்டி பூட்டுண்டு நின்றிருக்கிறது, பார்க்கவேண்டியது இரண்டு, ஒன்று சக்கரத்துக்குப் பதில் சுற்றுகிற அடிச்சங்கிலி பனியில் உறைந்ததா, மற்றது பிரேக் விடாமல் பிடிக்கிறதா. உறையவில்லை, பின்பகுதியைத் தூக்கித் தாங்கியில் வைத்து முடுக்கினேன், அழகாகச் சுற்றியது. பிரேக்கையும் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை, பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. அதன் வட்டத்தகட்டில் மயில் கழுத்து நீலம் படர்ந்திருந்தது, சூட்டில் வருகிற நிறம், ஒட்வார் இறக்கங்களில் இழுத்துப் பிடித்து ஓட்டியிருப்பார், மனிதர் நல்லவர்தான், ஓட்டம் முரடு. மின்சாரச் சுமை எஞ்சினை இழுக்கிறதோ என்ற ஐயத்தில் போன மாதமே பின்விளக்கின் பல்பைக் கழற்றி மேசைலாச்சிக்குள் வைத்திருக்கிறேன், ஒரு ஐயத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்த லாச்சிக்குள்தான் தயாபரியின் ஸ்கூட்டர் சான்றிதழும் கிடக்கிறது, ஒன்பது வருடத்துக்கு முன் நகரசபை தாதிமாரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியபோது வாங்கியது, அதற்குப் பிறகு அவள் ஓட்டியதில்லை. இப்போது மிஞ்சியிருப்பது ஒரு காரணம்தான், பாரம். தனியே ஓடும்போது ஒரு முறைகூட வழுக்காத பட்டி அவள் ஏறியதும் வழுக்குகிறது. ஆகவே பாரம். ஆனால் இதைத் தயாபரியிடம் சொல்லமுடியுமா, மூன்று மணிக்கு அவள் வந்து என்ன பிழை என்று கேட்டால் நீர்தான் பிழை என்று சொல்லிவிட்டு இதே வீட்டில் இரவு சாப்பிட முடியுமா. இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

சொல்வதற்கு முன் நிரூபிக்கவேண்டும். வீட்டில் இருபது கிலோப் பாஸ்மதி மூட்டை மூன்று இருந்தது, மகள் அனுப்பியது. தயாபரியின் எடையை நான் அறியேன், அறிந்தாலும் எழுதமாட்டேன், அறுபது என்று வைத்துக்கொண்டேன், கணிதத்தில் இப்படியான மரியாதைக்கு இடமுண்டு. மூட்டைகளைப் பின் ஆசனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டி, ஈரம் படாமலிருக்க அவளுடைய பழைய சால்வையால் போர்த்தினேன். தொடங்கினேன், வலது பெருவிரலால் முடுக்கினேன், பட்டி கவ்வியது, வண்டி முதல் ஏற்றத்தில் வெண்ணெயில் கத்திபோல ஏறியது. நான் எதிர்பார்த்தது தோல்வி. வெற்றி வந்து என் கொள்கையை நாசமாக்கிவிட்டது. ஏற்றத்தின் தலையில் வண்டியைத் திருப்பி, நம்பமுடியாமல் இறங்கி, இன்னொரு முறை ஏறினேன். அப்போதும் ஏறியது. மூன்றாம் முறை பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, அங்கிருந்தே கிளப்பினேன், அதற்கும் அசைந்து கொடுத்தது, மூடிக்குள்ளே புகையுமில்லை மணமுமில்லை. குளிர்காற்று முகத்தில் அடிக்க நான் பாடிக்கொண்டு வந்ததாக ஒட்வார் பிறகு சொன்னார், நான் பாடுகிறவன் அல்ல. இரண்டு நாற்பது. ஆக, பாரமும் இல்லை. வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, சால்வை போர்த்திய மூட்டைகளுக்கு முன்னால் நின்று யோசித்தேன். அறுபது கிலோ அரிசிக்கும் அறுபது கிலோ மனைவிக்கும் என்ன வித்தியாசம். கேள்வி விளையாட்டாகத் தெரியலாம், பொறியியல் அதில்தான் நிற்கிறது. அரிசி அசையாது, அவள் அசைவாள். ஆனால் அவள் என் பின்னால் அசைந்ததேயில்லை, கல்லுப்போல இருப்பாள், இலுப்பை மரத்தடியிலும் அப்படித்தான் இருந்தாள். அரிசி பேசாது. அவளும் பேசுவது குறைவு. அரிசி என் இடுப்பைப் பிடிக்காது. இடுப்பைப் பிடிப்பதற்கும் கிளச்சுக்கும் என்ன தொடர்பு, அபத்தம். ஒருவேளை பிழை சரியாகிவிட்டதா, எஞ்சினின் பட்டினி தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்ததா. ஆம், அதுதான். இடது சிலிண்டர் பாதிப் பலத்தில் இழுத்தால் பட்டி வழுக்காதா. வழுக்காது என்று எனக்கே தெரியும். ஆனால் இரண்டு ஐம்பதுக்கு ஒரு மனிதன் தனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் நம்பவேண்டும் என்று சட்டமில்லை.

தயாபரி வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றாமலே வீட்டு வளவைச் சுற்றி வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். "உது ஆர்?" என்றாள், மூட்டைகளைக் காட்டி. "நீர்தான்" என்றேன், பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "நான் இவ்வளவு கட்டையே?" "எடைக்கு மட்டும்." "எத்தினை கிலோ?" "அறுபது." அவள் மேல் மூட்டையைக் கையால் தட்டினாள். "அறுபதெண்டே வைச்சிருங்கோ" என்றாள். ஒட்வார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மொழி விளங்காமலே சிரித்தார். அரிசியோடு வண்டி பறந்தது என்று சொன்னேன், ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பியதையும் சொன்னேன், நைலோன் நூல், சூரியன், வெள்ளைப் பிளக் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இறக்குங்கோ அந்தாளை. நானும் அரிசிமாதிரி இருக்கிறன்." இறக்கினேன். ஏறப்போனவள் பின்பக்கத்தைப் பார்த்தாள். "பின்விளக்கில பல்பு எங்கை?" "அது மின்சாரச் சுமை, ஒரு பரிசோதனைக்காக, உண்மையில பகலிலை அது தேவையில்லை, ஏனெண்டால்." "பல்பில்லாமல் நான் ஏறன். கோர்ஸில படிப்பிச்சது." லாச்சிக்குள்ளிருந்து எடுத்துவந்து பூட்டினேன். ஒரு பல்புக்கும் கிளச்சுக்கும் சம்பந்தமில்லை என்பதை இப்போது அவளுக்கு விளக்குவதில் பயனில்லை என்று விட்டுவிட்டேன், இது என் வாழ்நாளில் அரிது.

மூன்று பத்து. அவள் ஏறிவிட்டாள். ஆசனம் கொஞ்சம் பதிந்தது, அவளுடைய இரண்டு கையும் என் இடுப்புக்கு வந்தன, கையுறையும் என் தடித்த உடுப்பும் இடையில் இருந்தும் பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. கயிறு ஒரே இழுவையில் பிடித்தது. இரண்டு சிலிண்டரும் பாடுகின்றன, நாங்கள் முதல் ஏற்றத்தின் அடிக்கு வந்துவிட்டோம், இதுவரை வந்தது சமதரை, இனித்தான் தேர்வு, பனியில் பாதை காட்ட நட்ட குறிக்கோல்கள் வரிசையாக மேலே போகின்றன, அவற்றின் நுனியில் கற்குவியல் ஒரு கறுத்த பல்லுப்போல நிற்கிறது, இது ஏறினால் கடிதம் குப்பைக்கு, ஏறாவிட்டால் வீடு பெட்டிகளுக்குள், வலது பெருவிரல் அழுத்துகிறது, எஞ்சின் குரல் உயர்கிறது, வா, வா, எடைகள் விரிகின்றன, இப்போது தட்டு நெருங்குகிறது, இப்போது பட்டி கவ்வுகிறது, வண்டி ஒரு முழம் போய்த் துடித்து நிற்கிறது. இன்னும் அழுத்துகிறேன். எஞ்சின் அலறுகிறது. அசையவில்லை. ஏன், பிளக் தேநீர் நிறம், துளைக்குள் சூரியன், உருளைகள் சுற்றுகின்றன, அரிசி ஏறியது, அரிசி மூன்று முறை ஏறியது, ரப்பர் மணம் வருகிறது, நாலாவது கடி, மூடியின் ஓரத்தால் புகை, பின்னால் அவள் கல்லுப்போல இருக்கிறாள், அவள் எண்ணுகிறாளா, என்னத்தை எண்ணுகிறாள், மேலே ஒன்றும் இல்லை, நீலம், நீலம் மட்டும், எந்தப் பக்கம் பாய்வது. கீழேயிருந்து ஒட்வாரின் குரல் வருகிறது. "காணும், காணும், காணும்." போதும், விடு, உன் பெருமை போதும், ஒஸ்லோவுக்குப் போ. அவரிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. இருபத்தாறு வருட அயல். பெருவிரலை எடுத்தேன். எஞ்சின் தாழ்ந்து முணுமுணுத்தது. ஒட்வார் முழங்கால்வரை பனியில் புதைந்து மூச்சிரைக்க ஏறிவந்து, கோபமில்லாமல், நோர்வேஜிய மொழியில் சொன்னார். "நீ பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பின்விளக்கு முழுநேரமும் கனல்கட்டிபோல எரிந்தது. நிறுத்து என்று உன் மொழியில் சொன்னேன், உனக்கு விளங்கவில்லை."

அப்படி இருக்கமுடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இடது பக்கம் இருப்பது பிரேக், அதை இந்த ஊரில் என்னைவிட நன்றாக அறிந்தவன் இல்லை, பதினொரு குடும்பங்களைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். தயாபரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ. உங்கட இடக்கையைப் பாருங்கோ." பார்த்தேன். கையுறைக்குள் நாலு விரலும் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து இழுத்து ஒட்டியிருந்தன, எஞ்சின் அடங்கிய பிறகும், நான் அதை அறிந்த பிறகும். பின்விளக்கின் சிவப்பு எங்களுக்குப் பின்னால் பனியில் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. கிளச்சைப் பிடித்தபடி பாய்வதற்குத் தயாராக நிற்கிற கை, எண்ணிப் பார்த்தால் அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது, அவள் ஏறுகிற நேரமெல்லாம், அவள் ஏறுகிற நேரம் மட்டும். அரிசிக்காக அது லீவரைப் பிடிக்கவில்லை. விடு என்றேன். விடவில்லை. தயாபரி தன் கையுறையைக் கழற்றி, கையை நீட்டி, சின்ன விரலில் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. "விடுங்கோ. போட்டுது." ஒட்வார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், கடலில் ஏதோ படகு வருவதைப்போல. படகு ஒன்றும் வரவில்லை.

பட்டி ஆறுவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்தோம். மூடியைத் திறந்து, கருகிய இடத்தை விரலால் தடவி, இன்னும் தாங்கும் என்று நான் அறிவித்தேன். அதற்குள் அவள் முன்னால் வந்து இருந்துவிட்டாள். "தள்ளுங்கோ பின்னுக்கு." "உமக்குப் பழக்கமில்லை." "என்ர இடக்கை ஒண்டும் படிக்கேல்லை. அதுதான் நல்லது." இதற்கு மறுமொழி இருந்தது, தயாரித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது, என் இரண்டு கையும் அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டன. முதல் ஏற்றம், இரண்டாம் ஏற்றம், குறிக்கோல்கள் இருபக்கமும் பறக்கின்றன, தலைக்குமேல் வானம் அப்படியே காலியாக இருக்கிறது, பனித்தூள் முகத்தில் அடிக்கிறது, நான் சிரிக்கிறேன், ஏன் என்று தெரியாமல் சிரிக்கிறேன், நடுவில் ஒரு பயம் குறுக்கே பாய்கிறது. ஒப்பந்தத்தின் வாசகம் என்ன. என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. எழுவாய் நான், செயப்படுபொருள் அவள். இப்போது நடப்பதில் எழுவாய் அவள், செயப்படுபொருள் நான். இலக்கணப்படி நிபந்தனை நிறைவேறவில்லை, ஒரு நல்ல வழக்கறிஞர் போதும், ஒஸ்லோ உறுதி. இதை அவளே கண்டுபிடிப்பாளா, நானே நேர்மையாக எடுத்துச் சொல்லவேண்டுமா, சொல்லாமல் விட்டால் அது பொய்யில் சேருமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கற்குவியல் பெரிதாகி, அருகே வந்து, எங்களுக்கு இடப்பக்கம் நின்றுவிட்டது. அவள் எஞ்சினை நிறுத்தினாள். கீழே ஊர், தொழிற்சாலைக் கூரை, எங்கள் வீடு, வாசலில் சால்வை போர்த்திய மூட்டை மூன்று, வேலிக்கருகே ஒட்வார் ஒரு புள்ளி. அதற்கப்பால் கடல், கறுப்பாக, உறையாமல். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த பனிக்கு முதல் இந்தப் பட்டியை மாத்துங்கோ. மணக்குது." மணத்தல் என்பது நல்ல வாசனைக்கு உரிய சொல் என்று திருத்த வாயெடுத்தேன், எடுத்த வாயை மூடிக்கொண்டேன். எழுவாயைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. இறக்கத்திலும் அவள்தான் ஓட்டினாள்.

வாசலில் இறங்கியபோது அவளுடைய ஜாக்கெட்டின் இடது பக்கத் தையல் நாலு விரல் அளவுக்குப் பிரிந்திருந்தது.